ஒரே ஃபிலிமில் இரண்டு பாஸ்போர்ட்

1

இந்தக் கதை என் முகத்தால் பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

புத்தகத்தின் பின்னட்டைக்கு ஒரு படம் அனுப்பும்படி பதிப்பாளர் கேட்டிருந்தார். எகிப்தின் துறைமுக ஊரான எங்கள் தும்யாத்தில் படம் என்றால் மதாம் யெரானுஹியிடம்தான் போக வேண்டும். மரச்சாமான் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவின் முனையில், மாடியில் ஸ்டூடியோ. கீழே வார்னிஷ் வாசனை, மேலே ரசாயன வாசனை. இரண்டும் படிக்கட்டின் நடுவில் சந்தித்துக்கொள்ளும். கலர் படம் கேட்டு வருகிறவர்களைக் கெய்ரோவுக்குப் போகச் சொல்லிவிடுவார் மதாம். அவருக்குக் கறுப்பும் வெள்ளையும் போதும், நடுவில் இருக்கிற சாம்பல் நிறங்களுக்கே ஓர் ஆயுள் பற்றவில்லை என்பார்.

என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். இடது தோளை இறக்கச் சொன்னார். முகவாயைக் கொஞ்சம் உள்ளே இழுக்கச் சொன்னார். விளக்கை அரை அடி தள்ளினார், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார்.

"எழுத்தாளரே, வரி கட்ட வந்த ஆளு மாதிரி உட்காந்திருக்கீங்க."

நான் முகத்தைச் சரிசெய்யப் பார்த்தேன். அது இன்னும் அதிக வரி கட்டியது. சிரியுங்கள் என்று மதாம் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பல் மட்டும்தான் சிரிக்கும், கண் வராது என்பது அவர் கட்சி. அதற்குப் பதிலாகக் கதை சொல்வார். கேட்கிறவர் தன் முகத்தை மறந்துவிடுகிற ஏதோ ஓர் இடத்தில் படம் எடுத்துவிடுவார். பின்னட்டையில் இருப்பது அந்த முகம்தான். ஆழ்ந்து சிந்திக்கிற முகம் என்று பலர் பாராட்டுகிறார்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவிக்கிற முகம் அது.

அவர் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். எழுதித் திருத்திய ஒவ்வொரு படியையும் அவரிடம் வாசித்தும் காட்டினேன். அதனால் வந்த வினைகளும் இதிலேயே இருக்கின்றன.

[ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடை ஹில்மி படம் எடுக்கப் போனபோது இதே கதையை ஒரு பல் டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் நடந்ததாகக் கேட்டிருக்கிறான். மதாமிடம் இதைக் கேட்டேன். "அன்னைக்கு அவனுக்குப் பல்லுவலி. பல் டாக்டர்னாதான் காது கொடுத்துக் கேப்பான்" என்றார். அப்படியென்றால் என்னிடம் சொன்னது? பெட்டியைத் திறந்து ஒரு நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் யார் கையிலும் பல் பிடுங்கும் குறடு இல்லை. எனக்கு அது போதும்.]

2

தொடக்கத்துக்கு வருவோம்.

முதலில் எழுதியது இது: "ஜூலை மாத வெயில் நைல் நதியின் மேல் உருகி—"

நிறுத்திவிட்டேன். எங்கள் ஊர்க் கதைகள் எல்லாவற்றிலும் முதல் வரியில் நைல் வந்துவிடுகிறது. அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும்.

இரண்டாவது: "பிரிவதற்காகவே சேர்ந்து படம் எடுத்துக்கொண்ட தம்பதியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

இது சினிமாக் கொட்டகை வாசலில் நின்று கத்துவது போல் இருக்கிறது. வேண்டாம்.

மூன்றாவது, மதாம் சொன்னபடியே: அறுபதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம். மத்தியான நேரம். படியில் ஓர் ஆண் ஏறி வந்தார். அவர் உள்ளே வந்து, நெற்றி வியர்வையைத் துடைத்து, சுவரில் மாட்டியிருந்த மணப்பெண்களை ஒரு சுற்றுப் பார்த்து முடித்த பிறகு ஒரு பெண் ஏறி வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் மதாமைப் பார்த்து ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்:

"பாஸ்போர்ட் படம் எடுக்கணும். நாளைக்குக் காலைல வேணும்."

புருஷன் பெண்டாட்டி என்று மதாமுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்நியர்கள் அப்படிச் சேர்ந்து பேச நேர்ந்தால் சிரித்துவிடுவார்கள்.

3

பெயர்கள் நான் வைத்தவை. அவர் ஷஹாத்தா, கட்டில் அலமாரிகளில் பூவேலை செதுக்குகிற உஸ்தா. எங்கள் ஊரில் கைத்தொழிலில் தேர்ந்தவர்களை உஸ்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் இன்சாஃப், பெண்கள் பள்ளிக்கூடத்தில் அரபி இலக்கணம் நடத்துகிறாள். அவரைவிட உயரம்.

ஷஹாத்தாவை எழுதுவதில்தான் முதல் சிக்கல். கதைக்கு ஒரு சண்டை வேண்டும், சண்டைக்கு ஒரு குற்றவாளி வேண்டும் என்று நினைத்து, முதல் படியில் அவரை முரடனாக எழுதியிருந்தேன். மேஜையைக் குத்துவார், கதவை அறைந்து சாத்துவார். மதாம் கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

"அந்த மனுஷன் கதவச் சாத்துறதப் பார்த்திருக்கீங்களா? கைக்குழந்தையத் தொட்டில்ல போடுற மாதிரி சாத்துவாரு. கதவு செய்யிறவங்க அறைய மாட்டாங்க."

அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். அப்புறம் இன்சாஃபைத் திமிர் பிடித்தவளாக எழுதிப் பார்த்தேன். அதையும் மதாம் கடைசிவரை கேட்டார். காகிதத்தைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். புதிதாக விடுதலை அடைந்த அல்ஜீரியாவுக்கு அரபி ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். இன்சாஃப் வீட்டில் சொல்லாமல் மனுப் போட்டாள். கிடைக்கவா போகிறது, கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். குவைத்தில் பெரிய வீடு கட்டுகிற ஒருவர் கதவு செதுக்க ஆள் தேடினார். ஷஹாத்தா வீட்டில் சொல்லாமல் சரி என்றார். வேலை நிச்சயமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். இரண்டும் ஒரே வாரத்தில் நிச்சயமாகிவிட்டன. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று இவர் கேட்டார். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, அதனால் சத்தம் அதிகமானது. பிறகு சத்தம் நின்றது. அதுதான் மோசம்.

பேச்சு நின்ற வீட்டில் முடிவுகள் சீக்கிரம் எடுக்கப்படுகின்றன. அவள் மேற்கே போகட்டும், அவர் கிழக்கே போகட்டும். போவதற்கு முன் வியாழக்கிழமை மார்க்கப் பெரியவர் ஷேக்கிடம் போய் மணவிலக்கையும் எழுதிக்கொள்ளலாம். குழந்தை இல்லை, பிரித்துக்கொள்ளச் சொத்தும் இல்லை. மனைவி பாஸ்போர்ட் எடுக்கக் கணவன் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கையெழுத்தையும் அவர் மறுபேச்சில்லாமல் இரவுச் சாப்பாட்டின் நடுவிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் அந்த மத்தியானம் மதாமுக்குத் தெரியாது. எனக்கும் உங்களுக்கும் தெரியும். ஆகவே அவரைவிட நாம் ஓர் அடி முன்னால் நிற்கிறோம். அவர் சீக்கிரம் நம்மைத் தாண்டிவிடுவார்.

4

மதாமிடம் அன்றைக்கு ஒரே ஒரு ஃபிலிம்தான் மிச்சம் இருந்தது.

அவருடைய மரக் கேமராவில் சுருள் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் தனித்தனித் தாளாக ஃபிலிம் போட வேண்டும். அவை கப்பலில் வர வேண்டும். அந்த வருடம் வெளிநாட்டுச் சாமான் எதுவும் சரியாக வரவில்லை. வேறு ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றால், ஜூலையில் ஊரின் மற்ற போட்டோக்காரர்கள் எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ராஸ் எல்-பர் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். மணலில் குடும்பம் குடும்பமாக நிற்கவைத்து எடுப்பதில் அவர்களுக்கு மூன்று மாதம் ஓடிவிடும். பாஸ்போர்ட் ஆபீசிலோ மறுநாள்தான் இருவருக்கும் கடைசி நாள்.

விஷயத்தை மதாம் சொன்னதும் ஷஹாத்தா உடனே, அந்த அம்மாவுக்கு எடுத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம், அவருக்கு எடுங்கள், நான் அடுத்த வருடம் மனுப் போட்டுக்கொள்கிறேன் என்றாள் இன்சாஃப். இதில் ஒரு சண்டை தொடங்கியது. முழுவதும் மதாம் வழியாகவே நடந்தது. அவரிடம் சொல்லுங்கள், அவளிடம் சொல்லுங்கள் என்று இரண்டு பேரும் அவரைத் தபால்காரி ஆக்கிவிட்டார்கள்.

மதாம் கையை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் சேந்து உட்காருங்க. ஒரே படமா எடுக்கிறேன். நடுவுல வெட்டித் தரேன்."

இருவரும் வாயை மூடினார்கள். வெட்டித் தருவதில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

[கேமரா தெரிந்த வாசகர் ஒருவர் இங்கே கை தூக்குவார். பாதி ஃபிலிமை அட்டையால் மறைத்து ஒருவரை எடுத்து, பிறகு மறுபாதியில் மற்றவரை எடுத்திருக்கலாமே? நானும் கேட்டேன். மதாம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அதைப் பாதி வரை பிடித்தார். "அன்னைக்கு அது எனக்குத் தோணல" என்றார். பாவாடை கட்டிய வயதிலிருந்து கேமராவோடு வாழ்கிறவர். நான் மேலே கேட்கவில்லை.]

5

சேர்ந்து உட்காரவைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பாஸ்போர்ட் படத்துக்கு முகம் இரண்டும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். இன்சாஃபுக்குத் தாழ்ந்த ஸ்டூல், ஷஹாத்தாவுக்கு உயர்ந்த ஸ்டூல் என்று முடிவாயிற்று. ஷஹாத்தா உட்காருவதற்கு முன் அந்த ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இதை யாரு செஞ்சது மதாம்? நாலு காலும் நாலு ஊருக்குப் போகுது."

அவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து ஸ்டூலில் இன்சாஃபின் உதடு கொஞ்சம் அசைந்ததை மதாம் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தது வெளிச்சம். வழக்கமாக இரண்டு விளக்கு. அதில் ஒன்றின் பல்ப் போய்விட்டது, மாற்று பல்பும் அதே வராத கப்பலில்தான் இருந்தது. ஒரே விளக்கை இன்சாஃபின் பக்கம் வைத்தார் மதாம். அவள் முகம் பளிச்சென்று வந்தது, ஷஹாத்தா இருட்டில் விழுந்தார். அந்தம்மாவுக்குப் பகல், எனக்கு ராத்திரியா என்று கேட்டார் அவர். மதாம் விளக்கை அவர் பக்கம் மாற்றினார். இப்போது இன்சாஃபின் மூக்கு நிழல் கன்னத்தில் நீளமாக விழுந்தது. அவள் குறை சொல்லவில்லை. பழகிவிட்டது மதாம், அப்படியே எடுங்கள் என்றாள். குறை சொல்லாததில் இருந்த குறை ஷஹாத்தாவுக்கு நன்றாகக் கேட்டது. கழுத்து சிவந்தது.

மதாம் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் அறையின் கோடியில், சுவரோரம் வைத்தார். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை நாற்காலியில் தொங்கவிட்டார். விளக்கு பக்கத்தில் இருக்கும்போது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும். அறைக்கோடிக்குப் போய்விட்டால் இவருக்கும் அவளுக்கும் அது ஒரே தூரம்தான், இருவர் மேலும் ஒரே மாதிரி விழும். நிழல் பக்கத்தை விரிப்பு பார்த்துக்கொள்ளும்.

[இந்த இடத்தில் இல்லற வாழ்க்கையைப் பற்றி ஓர் அழகான உவமை எனக்குத் தோன்றியது. மதாமிடம் சொன்னேன். எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.]

ஆனால் தூரத்து வெளிச்சம் மங்கல். லென்ஸ் மூடியை எடுத்துவிட்டுச் சில வினாடிகள் காத்திருக்க வேண்டும். அதுவரை இரண்டு பேரும் அசையக் கூடாது, விழுங்கக் கூடாது, மூச்சுகூட மெல்ல விட வேண்டும். ஒருவர் ஆடினாலும் ஒரு பாஸ்போர்ட் போயிற்று, திரும்ப எடுக்க ஃபிலிம் இல்லை. எனவே முதலில் ஃபிலிம் போடாத கேமராவை வைத்து ஒத்திகை.

6

ஒத்திகை வரிசையாகச் சொதப்பியது.

ஷஹாத்தா ஆடினார். நாள் முழுக்க நின்று உளி பிடிக்கிறவருக்கு உட்கார்ந்தால் உடம்பு சும்மா இருக்கவில்லை. தெருவில் சீஸ் வண்டிக்காரன் கத்தினான், இன்சாஃபின் கண் ஜன்னலுக்குப் போனது. அவள் பார்வையை லென்ஸில் நிறுத்தியபோது அவருக்கு எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. மதாம் பொறுமையாக, சத்தமாக எண்ணிக்கொண்டே இருந்தார். அரபியில் எண்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் ஆர்மீனியரான மதாமுக்கு அது மட்டும் வரவே இல்லை. ஆண்பால் இருக்க வேண்டிய இடத்தில் பெண்பாலைப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

இன்சாஃப் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தாள். தலையை அசைக்காமல், பார்வையை லென்ஸிலிருந்து எடுக்காமல், உதடு மட்டும் பிரிந்தது.

"மூணு ஆண்பால், மதாம்."

ஷஹாத்தா சிரித்துவிட்டார். அடக்கியிருந்த சிரிப்பு. மூக்கு வழியாக வந்து, தோளுக்குப் போய், நாலு ஊருக்குப் போகிற ஸ்டூலையும் சேர்த்து ஆட்டியது. கோழிக்காரன் கூவி விற்கிறதைக்கூட இவள் ஜன்னலிலிருந்து திருத்துவாள் என்று மதாமிடம் சொன்னார். அவன் இப்போதெல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வாயை மூடிக்கொண்டு போகிறான் என்றார். மதாமும் சிரித்தார்.

இன்சாஃப் சிரிக்கவில்லை. லென்ஸைப் பார்த்தபடியே பேசினாள். ஆனால் இந்தத் தடவை மதாம் வழியாகப் பேசவில்லை.

"கையெழுத்துப் போடும்போதும் இப்படித்தான் சிரிப்பு வந்துச்சா உங்களுக்கு?"

ஷஹாத்தாவின் சிரிப்பு நின்றது. "எந்தக் கையெழுத்து?"

"என் பாஸ்போர்ட்டுக்கு. பேனாவ வாங்குனீங்க. போட்டீங்க. அப்புறம் ரொட்டியப் பிச்சு சீஸத் தொட்டுச் சாப்பிட்டீங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். போகாதேன்னு ஒரு வார்த்தை வரும்னு."

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

"நின்னிருக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லணும்."

[இந்த இடத்தில் முதல் படியில் அவளை அழவைத்திருந்தேன். இரண்டாம் படியில் அவரை அழவைத்தேன். மதாம் சொன்னார்: யாரும் அழவில்லை, அழுதிருந்தால் மூக்கு பளபளத்திருக்கும், பவுடர் போட வேண்டியிருந்திருக்கும், எனக்கு ஞாபகம் இருக்கும்.]

ஷஹாத்தாவும் நேரே பார்த்தபடிதான் இருந்தார். ஒத்திகையில் அவ்வளவு நேரம் பழக்கியதில், பேசும்போதும் தலை திரும்பவில்லை இருவருக்கும். ஒருவேளை அதனால்தான் பேச முடிந்ததோ என்னவோ. நேருக்கு நேர் பார்த்திருந்தால் பேச்சு பழைய சண்டைக்குப் போயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம், மதாம் சொன்னதில்லை.

"எங்கப்பா எங்கம்மாவ அடுத்த தெருவுக்குப் போகணும்னாக்கூட கேட்டுட்டுப் போகணும்னு வச்சிருந்தாரு" என்றார் ஷஹாத்தா. "பாதி நாள் வேணாம்னுதான் சொல்லுவாரு. நான் அந்த ஆளு ஆயிடக் கூடாதுன்னு இருந்தேன். அதான் சட்டுனு போட்டேன். மெதுவாப் போட்டிருந்தா கை நின்னிருக்கும்."

இன்சாஃப் மூச்சு விட்டாள்.

"நின்னிருக்கலாம்" என்றாள். "கொஞ்ச நேரம்."

"ஆடாதீங்க" என்றார் மதாம்.

லென்ஸ் மூடி அவர் கையில் இருந்தது. இருவரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாஸ்போர்ட் ஆபீஸ் கேட்பது போலவே நேராக. மதாம் எண்ணினார். இந்தத் தடவை எல்லாம் ஆண்பால். மூடியை வைத்தார்.

"முடிஞ்சுது. எழுந்திருங்க."

இதுவும் ஒத்திகை என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். ஃபிலிமை எப்போது போட்டீர்கள் என்று இன்சாஃப் கேட்டாள். நீங்கள் ரொட்டியைப் பற்றிப் பேசும்போது என்றார் மதாம்.

7

படம் கழுவி உலரும் வரை அவர்கள் முன்னறையில் காத்திருந்தார்கள். ஷஹாத்தா கீழே போய்ச் சர்க்கரைப் பாகு சொட்டும் முஷப்பக் ஒரு தட்டு வாங்கி வந்தார். வட்டமாகப் பின்னிப் பின்னி எண்ணெயில் பொரித்த இனிப்பு, எங்கள் ஊரின் பெருமை. மதாமுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருட்டறைக்குள் இருந்த மதாமுக்குக் கேட்கவில்லை. பேசிக்கொண்டார்கள் என்பது கேட்டது.

இனி முடிவு. நான் மிகவும் கஷ்டப்பட்டு ஒரு முடிவு எழுதினேன். இப்படி:

"மதாம் படத்தையும் கத்தரிக்கோலையும் அவர்கள் முன் வைத்தார். 'நீங்களே வெட்டிக்கோங்க.' ஷஹாத்தா கத்தரியை எடுத்தார். கை நடுங்கியது. இன்சாஃபிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி மேஜையில் வைத்தாள். இரண்டு பேரும் வெட்டாத படத்தோடு வீட்டுக்குப் போனார்கள். யாரும் எங்கும் போகவில்லை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாசித்துக் காட்டினேன். மதாம் இருமும் வரை சிரித்தார்.

"எழுத்தாளரே, நெகட்டிவ்னா என்னன்னு தெரியுமா? ஒண்ணு இருந்தா எத்தனை வேணா பிரிண்ட் போடலாம். இதுல வெட்டுறதுக்கு எதுக்குக் கை நடுங்கணும்?"

கத்தரிக்கோல் யார் கையிலும் கொடுக்கப்படவில்லை. பாஸ்போர்ட்டுக்கு ஆளுக்குப் பல படிகள் வேண்டும். மதாம் வேண்டிய மட்டும் பிரிண்ட் போட்டு, வெண்டைக்காய் நறுக்குவதைப் போல வரிசையாக நறுக்கி, இவருக்கு ஓர் உறை, அவளுக்கு ஓர் உறை என்று கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் ஆபீசில் இரண்டு முகங்களையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். நேரான பார்வை, சமமான வெளிச்சம், நிழல் இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது.

[அந்தப் பாஸ்போர்ட்டுகளைச் சோதித்த அதிகாரிகள் யாராவது கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால், ஷஹாத்தாவின் முகம் இப்போதுதான் ஒன்றைச் சொல்லி முடித்த முகம், இன்சாஃபின் முகம் இப்போதுதான் ஒன்றைக் கேட்டு முடித்த முகம் என்பது தெரிந்திருக்கும். துறைமுகங்களில் அதற்கெல்லாம் நேரம் ஏது?]

வியாழக்கிழமை அவர்கள் ஷேக்கிடம் போகவில்லை. இது எப்படித் தெரியும் என்றால், ஷேக் மதாமின் எதிர்வீடு. வருகிறோம் என்றவர்கள் வரவில்லை, காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்று ஜன்னல் வழியாக அவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் செப்டம்பரில் இன்சாஃப் அலெக்சாந்திரியாவில் கப்பல் ஏறினாள். ஏற்றிவிடப் போனது ஷஹாத்தா. போகாதே என்று துறைமுகத்தில் அவர் சொன்னார், அவள் நன்றி சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் போன பிறகு அவரும் குவைத்துக்குப் போனார்.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மணவிலக்கு இல்லை, பிரயாணம் உண்டு. பாதி சந்தோஷம், பாதி தூரம். நல்ல முடிவு. பதிப்பாளருக்குப் பிடிக்கும்.

"முடியலியே" என்றார் மதாம்.

8

சில வருடங்கள் கழிந்திருந்தன. குளிர்காலம், மத்தியானத்திலேயே இருட்டிக்கொண்டு மழை. வாடிக்கையாளர் இல்லாததால் மதாம் இருட்டறைக்குள் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஃபிலிம் கப்பல்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலம், ஆனால் அன்றைக்கு மின்சாரம் ஒழுங்காக இல்லை. வெளிக்கதவு திறந்தது. மழையின் சத்தம் உள்ளே வந்தது. யாரோ நனைந்த செருப்பைக் கழற்றுவது கேட்டது. இருட்டறைத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கேட்டது:

"மதாம், அந்தப் படம் வெட்டாம ஒண்ணு வேணும். பெருசா."

எந்தப் படம் என்று மதாம் கேட்கவில்லை. வந்தது யார் என்றும் கேட்கவில்லை, குரலிலேயே தெரிந்துவிட்டது. வந்தது அவரா, அவளா என்று நான் கேட்டேன். அவர் திரும்பவும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினார். பிரச்சினை என்னவென்றால், ஆண் பெண் குழந்தை எல்லாருடைய பேச்சையும் அவர் அதே கரகரத்த சிகரெட் குரலில்தான் சொல்லிக் காட்டுவார். பல்லுவலிக்கார ஹில்மியையும் அப்படித்தான். ஷேக்கையும் அப்படித்தான்.

எழுதிப் பார்த்தேன்.

ஷஹாத்தா குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறார். படத்தை அல்ஜீரியாவுக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறார், அங்கே பள்ளிக்கூடங்களுக்குக் கதவு செய்ய ஆள் தேவை என்று—

இன்சாஃப் திரும்பி வந்திருக்கிறாள். குவைத்தில் அவர் தங்கியிருக்கும் அறையின் சுவர் வெறுமையாக இருக்கிறதாம், அதற்கு—

இருவரும்தான். ஒருவர் பேச, மற்றவர் பின்னால் நின்று மழைத்துளியைத் துடைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தில் ஓர் இலக்கணப் பிழையைத் திருத்தலாமா வேண்டாமா என்று யோசித்து—

மூன்றையும் மதாமிடம் வாசித்தேன். மூன்றுக்கும் தலையாட்டினார். மூன்றும் நன்றாக இருக்கிறது என்றார். எது நடந்தது என்று கேட்டேன். காபி ஆறிவிட்டது என்று எழுந்து உள்ளே போனார். இத்தனை மாதம் வாசித்துக் காட்டியதில் அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதனால் நானும் பின்னாலேயே போய் வற்புறுத்தவில்லை.

ஆகவே மதாம் உள்ளே காபி போடுகிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் இப்போது இருப்பது நீங்கள் மட்டும்தான். திரைக்கு முன்னால் நிற்பது யார் என்று பாருங்கள், பார்த்ததை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள். நன்றாக நனைந்திருக்கிறார்கள்.